ஒரு பலகையா... ரெண்டு பலகையா?

பொங்கல் லீவு எல்லாம் எப்படிப் போச்சு? நான் காரிமங்கலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தர்மபுரியில் இருந்து கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலையில், மலைக்கோயிலும் வாரச் சந்தையுமாக இருக்கிற ஊர். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரில் இருக்கிற மலை தெரியவில்லை. அவ்வளவு பனி!

அக்கா மகன் என்னை அழைத்துப் போக வந்திருந்தான். ஆறாம் வகுப்பு. கொஞ்சம் நொண்டி நொண்டி நடந்தான். கணுக்காலில் பத்து போட்டிருந்தது.

"என்னடா மாப்ளே, கோ-கோவில் விழுந்துட்டியா?"

"இல்ல மாமா, சிலம்பம். கம்பு பட்டுருச்சு."

நம்ம ஆள் கோ-கோவில் புலி. குனிந்து ஓடினால் பாம்பு மாதிரி வளைவான், யாராலும் தொட முடியாது. ஒரு மாதமாகத்தான் சிலம்பம் கற்றுக்கொள்ளப் போகிறானாம். அங்கேதான் சிக்கல். கோ-கோவில் எப்போதும் குனிந்தே ஓடிப் பழகிய உடம்பு. சிலம்ப மாஸ்டரோ, "நிமிர்ந்து நில்லு, பக்கவாட்டில் நில்லு" என்கிறார். இவன் குனிகிறான். அடி விழுகிறது. இவனை விடச் சின்னப் பையன்கள் எல்லாம் அழகாகச் சுற்றுகிறார்கள். கோ-கோ புலிக்குப் பெருத்த அவமானம்!

வீட்டில் அவனுடைய ஆயா வேறு, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வெச்சா இப்படித்தான். ஏதாவது ஒண்ணைப் புடி" என்று பழமொழி சொல்லிவிட்டார். பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் நான் அவனுக்கு எஸ்தர் லெடெஸ்காவின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லட்டுமா?

கதைக்குப் போகும் முன்னால் ஒரு சின்ன விஷயம். 'பனி' என்றால் நமக்கு மார்கழியில் புல்லின் மேல் முத்து முத்தாக நிற்பது. மலையை மறைக்கிற மூடுபனியும் பனிதான். முன்பனிக் காலம், பின்பனிக் காலம் என்று பருவங்களுக்கே பெயர் வைத்தவர்கள் நாம். ஆனால் வானத்தில் இருந்து பஞ்சு மாதிரி உதிர்ந்து, முழங்கால் ஆழத்துக்குக் குவிகிறதே, அதையும் 'பனி' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் அது இல்லை, அதனால் அதற்கென்று தனிச்சொல்லும் வழக்கில் இல்லை. இந்தக் கதையில் வருவது அந்தப் பஞ்சுப் பனி. காரிமங்கலத்துப் பனியில் சறுக்க முடியாது. தும்மத்தான் முடியும்!

<b>ஸ்கீ வேறு, ஸ்னோபோர்டு வேறு</b>

பனிமலையில் சறுக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஸ்கீ. இரண்டு கால்களுக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு நீளமான பட்டைகள், கையில் இரண்டு கோல்கள். முகம் நேராகக் கீழே பார்த்தபடி போக வேண்டும். இது மிக மிகப் பழையது. நார்வே, சுவீடன், ரஷ்யா பக்கத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கள் இதை வைத்துத்தான் பனியில் நடமாடினார்கள், வேட்டைக்குப் போனார்கள்.

இன்னொன்று ஸ்னோபோர்டு. ஒரே ஒரு அகலமான பலகை. இரண்டு காலையும் அதன் மேல் குறுக்காக வைத்துப் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். கோல் கிடையாது. உடம்பு பக்கவாட்டில் இருக்கும், தலையை மட்டும் திருப்பிப் போகிற திசையைப் பார்க்க வேண்டும்.

எப்படி நிற்பது என்று புரியவில்லையா? அடுத்த முறை டவுன் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரைக் கவனியுங்கள். கம்பியைப் பிடிக்காமல், காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் சில்லறை என்று நிற்பார். பஸ் குலுங்கினால் அவர் இடுப்பு மட்டும் ஆடும், ஆள் விழ மாட்டார். கிட்டத்தட்ட அதுதான் ஸ்னோபோர்டு நிலை. நம் கண்டக்டர்களைப் பனிமலைக்கு அனுப்பினால் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதைக் கேட்டதும் அக்கா வீட்டு ஆயா உள்ளே இருந்தே குரல் கொடுத்தார். "அதென்னப்பா பெரிய அதிசயம்? எங்க காலத்துல பரம்படிக்கிறப்போ அப்படித்தானே நிப்போம்!"

அட, ஆமாம்! நாற்று நடும் முன் சேற்று வயலைச் சமப்படுத்த மாடுகளைப் பூட்டி ஒரு நீளப் பலகையை இழுப்பார்கள். அதுதான் பரம்பு. பாரத்துக்கு ஆள் அதன் மேல் ஏறி நிற்பார். சேறு தெறிக்க, மாடு இழுக்க, பலகை வழுக்கிக்கொண்டு போகும். வயலுக்குள் டிராக்டர் வந்த பிறகு நிறைய ஊர்களில் அது மறைந்துவிட்டது. கர்நாடகத்தின் கடலோரத்தில் நடக்கும் கம்பளா எருமைப் பந்தயத்தில், ஓட்டுபவர் குறுக்குப் பலகையில் நின்றபடி சேற்றில் பறக்கும் பிரிவு ஒன்று இன்றும் இருக்கிறது. ஆக, பலகை மேல் நின்று வழுக்குவது நமக்கும் புதிதில்லை. அவர்களுக்குப் பனி, நமக்குச் சேறு!

<b>ரெண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டினால்...</b>

ஸ்னோபோர்டு பிறந்ததே ஒரு வீட்டு விளையாட்டில்தான். 1965-ம் வருடம், கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊர். ஷெர்மன் பாப்பன் என்பவரின் மகள், உட்கார்ந்து சறுக்க வேண்டிய பனிவண்டியின் மேல் நின்றுகொண்டு சறுக்கினாள். அப்பா பார்த்தார். திட்டவில்லை! இரண்டு ஸ்கீக்களை எடுத்து, குறுக்குக் கட்டை வைத்து ஒன்றாக இணைத்துக் கொடுத்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் எனக்கும் வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். பனிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்னோ', கடல் அலை மேல் சறுக்குபவர் 'சர்ஃபர்'. இரண்டையும் ஒட்டவைத்து 'ஸ்னர்ஃபர்' என்று அவர் மனைவி பெயர் வைத்தார். பிறகு ஒரு கம்பெனி அதைத் தயாரித்து விற்றது.

ஸ்னர்ஃபரில் காலைக் கட்டும் பட்டை கிடையாது. முன்னால் ஒரு கயிறு, அவ்வளவுதான். ஜேக் பர்டன் கார்பென்டர் என்ற இளைஞர் அந்தப் பலகையில் காலைப் பிணைக்கப் பட்டை சேர்த்தார். 1979-ல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குத் தன் பலகையோடு போனார். "பட்டை வைத்தது செல்லாது!" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் அவருக்காகத் தனிப் பிரிவு ஒன்றை உண்டாக்கினார்கள். அதில் அவர்தான் முதல் பரிசு. ஏன் தெரியுமா? அந்தப் பிரிவில் போட்டியிட்டதே அவர் ஒருவர்தான்!

அதோடு சண்டை தீரவில்லை. பனிமலைகளில் சறுக்குத் தளம் நடத்துபவர்கள் ஸ்னோபோர்டுகாரர்களை உள்ளேயே விடவில்லை. 'இந்தப் பையன்கள் ஒழுங்கில்லாதவர்கள், ஸ்கீ விளையாடுபவர்கள் மேல் மோதிவிடுவார்கள்' என்று புகார். 1983-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஸ்ட்ராட்டன் மலை கதவைத் திறந்தது. மற்றவை மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தன. 1998-ல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முதலாக இடம் பிடித்தது. இருந்தும் அமெரிக்காவில் ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் க்ளென் என்ற மூன்று இடங்களில் இன்றைக்கும் ஸ்கீக்கு மட்டும்தான் அனுமதி. அத்தனை வைராக்கியம்!

<b>புலி மறுபடியும் பூனைக்குட்டி</b>

சரி, நன்றாக ஸ்கீ விளையாடுகிற ஒருவர் முதன்முதலாக ஸ்னோபோர்டில் ஏறினால் என்ன ஆகும்?

தொப்! அதுதான் ஆகும். அதுவும் ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை.

ஸ்கீயில் முதல் பாடமே வேகத்தைக் குறைப்பதுதான். இரண்டு பட்டைகளின் முன்நுனியையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் முக்கோணமாக வரும். பனியை அது கலப்பை மாதிரித் தள்ளும், வேகம் குறையும். வெளிநாட்டில் குழந்தைகளுக்கு இதை 'பீட்சாத் துண்டு மாதிரி வை' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நாம் சமோசா என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு காலில் தடுமாறினால் இன்னொரு கால் காப்பாற்றும். கோலை ஊன்றிக்கொள்ளலாம்.

ஸ்னோபோர்டில் இந்த எதுவும் செல்லாது. இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுண்டு கிடக்கின்றன. சமோசா போட முடியாது. பழக்க தோஷத்தில் கை கோலைத் தேடும், கோல் இருக்காது. உடம்பு தானாகக் கீழ்நோக்கித் திரும்பப் பார்க்கும், அப்படித் திரும்பினால் பலகையும் சேர்ந்து திரும்பி விறுவிறுவென்று ஓடிவிடும்.

பலகையின் இரண்டு பக்கத்திலும் கூரான இரும்பு விளிம்பு இருக்கிறது. ஒன்று குதிகால் பக்கம், மற்றது கால்விரல் பக்கம். மலைச் சரிவுக்குக் குறுக்காகப் பலகையை வைத்து, மேட்டுப் பக்கத்து விளிம்பை மட்டும் பனியில் அழுத்தினால் பலகை நிற்கும். அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் மெல்ல இறங்கும். குதிகால் விளிம்பில் இருந்து விரல் விளிம்புக்கு மாறி மாறிச் சாய்ந்தால் 'ஸ்' வளைவு மாதிரி வளைந்து வளைந்து போகலாம். கேட்பதற்கு எவ்வளவு சுலபம்!

ஆனால் மாறுகிற அந்த நொடியில், பள்ளத்துப் பக்கத்து விளிம்பு தவறிப்போய்ப் பனியில் குத்திக்கொண்டால் தீர்ந்தது. பலகை நின்றுவிடும், உடம்பு நிற்காது. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோமே, அதே நியூட்டன் விதிதான். இங்கே முன்னால் விழுந்தால் முகம், பின்னால் விழுந்தால் பின்பக்கம். ஸ்கீயில் பெரிதாக விழுந்தால் பட்டை பூட்டில் இருந்து தானாகக் கழன்றுவிடும். ஸ்னோபோர்டு கழலாது, கூடவே உருளும். விழுகிறவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டில் அடிபடுவது ஸ்னோபோர்டில் அதிகம். ஸ்கீயில் முழங்காலில் அதிகம். அதனால்தான் புதியவர்களுக்கு ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் கவசமும் மாட்டச் சொல்வார்கள், விழும்போது விரல்களை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள்.

இதில் கஷ்டமே வேறு. பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் அலட்சியமாகத் தாண்டிப் போவார்கள். நேற்று வரை மலையுச்சியில் இருந்து சீறி இறங்கியவர், குழந்தைகளுக்கான சின்னச் சரிவில் உட்கார்ந்து, பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருப்பார். விளையாட்டே தெரியாதவருக்கு விழுவது ஒரு விஷயமில்லை. தெரிந்தவருக்குத்தான் வெட்கம்.

(இந்த இடத்தில் நம் கோ-கோ புலி தன் கணுக்காலைத் தடவிக்கொண்டு, "ஆமா மாமா" என்றான்.)

பழையது எல்லாமே வீணா என்றால், இல்லை. எந்தப் பனி வழுக்கும், எது காலை வாரும் என்று ஸ்கீ பழகியவருக்குத் தெரியும். வேகத்தைக் கண்டு பயம் இருக்காது. விளிம்பை அழுத்தினால் பலகை திரும்பும் என்ற கணக்கு காலுக்கே தெரிந்திருக்கும். ஸ்கீயில் தொடங்குவது சுலபம், கெட்டிக்காரர் ஆவது கஷ்டம். ஸ்னோபோர்டில் முதல் சில நாட்கள்தான் கஷ்டம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. அந்த முதல் சில நாட்களைத் தாங்கினால் போதும்.

<b>அந்த ஒரு ஜாண்!</b>

இப்போது எஸ்தர் லெடெஸ்கா. 1995 மார்ச் 23-ந் தேதி செக் நாட்டின் தலைநகர் பிராகில் பிறந்தவர். அப்பா பிரபல பாடகர். அம்மா பனியில் நடனமாடும் ஸ்கேட்டிங் வீராங்கனையாக இருந்தவர். தாத்தா ஜான் கிளாபாச், ஐஸ் ஹாக்கியில் 1964, 1968 ஒலிம்பிக்குகளில் பதக்கம் வாங்கிய அணியில் ஆடியவர். எஸ்தர் இரண்டு வயதிலேயே ஸ்கீயில் ஏறிவிட்டார். ஐந்து வயதில், அண்ணன் செய்வதைப் பார்த்து ஸ்னோபோர்டையும் எடுத்துக்கொண்டார். தங்கைகள் எப்போதும் அப்படித்தானே!

இரண்டையும் விடவில்லை. வளர வளர, "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு. இரண்டிலும் பெரிய ஆள் ஆக முடியாது" என்றார்கள் பயிற்சியாளர்கள். அவர்கள் சொன்னதும் தப்பில்லை. தசைகள் வேறு, உபகரணம் வேறு, போட்டி அட்டவணை வேறு. ஒன்றுக்குப் பயிற்சி செய்கிற நேரத்தில் இன்னொன்று போய்விடும். எஸ்தர் கேட்கவில்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்களை வைத்துக்கொண்டார்.

ஸ்னோபோர்டில் அவர் உலக சாம்பியன் ஆகிவிட்டார். ஸ்கீயில்? உலகக் கோப்பைப் போட்டிகளில் ஒரு தடவை கூட முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை. இந்த நிலையில்தான் 2018-ல் தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது.

பிப்ரவரி 17. பெண்களுக்கான சூப்பர்-ஜி ஸ்கீ பந்தயம். ஒவ்வொருவராக மலையில் இருந்து இறங்குவார்கள், யார் நேரம் குறைவோ அவருக்குத் தங்கம். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் முதலில் இறங்கி முடித்துவிட்டார்கள். ஆஸ்திரியாவின் அன்னா வைத் 1 நிமிடம் 21.12 வினாடியில் முதலிடத்தில் இருந்தார். அவ்வளவுதான், தங்கம் அவருக்கே என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அவரையே வெற்றியாளர் என்று சொல்லிவிட்டு வேறு போட்டியைக் காட்டப் போய்விட்டது!

26-வதாக இறங்கினார் எஸ்தர். கோட்டைத் தாண்டியதும் பலகையில் நேரம் தெரிந்தது. 1 நிமிடம் 21.11 வினாடி. அன்னாவை விட ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு குறைவு! கண் இமைப்பதற்கே அதை விடப் பல மடங்கு நேரம் ஆகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் 25 சென்டிமீட்டர்தான் போகலாம். உங்கள் அப்பா கையால் ஏறக்குறைய ஒரு ஜாண். மலையுச்சியில் இருந்து அத்தனை தூரம் இறங்கி வந்து, ஒரு ஜாண் வித்தியாசத்தில் தங்கம்!

எஸ்தர் குதிக்கவில்லை, கத்தவில்லை. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, நேரத்தைத் திருத்துவார்கள் என்று காத்திருந்தாராம். பிறகு நிருபர்களைச் சந்தித்தபோதும் பனிக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை. ஏன் என்று கேட்டால், ஜெயிப்போம் என்று நினைக்காததால் மேக்கப் போட்டுக்கொண்டு வரவில்லை என்றார்!

சரியாக ஒரு வாரம். பிப்ரவரி 24. இப்போது காலில் ஸ்னோபோர்டு. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஒரே நேரத்தில் இறங்கும் பேரலல் ஜெயன்ட் ஸ்லாலம் பந்தயம். இறுதிச் சுற்றில் ஜெர்மனியின் செலினா யோர்கைத் தோற்கடித்து இன்னொரு தங்கம். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீயிலும் ஸ்னோபோர்டிலும் தங்கம் வாங்கியவர் அதுவரை உலகத்தில் யாருமே இல்லை. 2022-ல் பெய்ஜிங்கில் ஸ்னோபோர்டு தங்கத்தை மறுபடியும் தட்டிக்கொண்டு போனார். அதே ஒலிம்பிக்கில் சூப்பர்-ஜி ஸ்கீயில் ஐந்தாவது இடம்தான் கிடைத்தது.

<b>நம் நாட்டில்?</b>

"இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தானே மாமா?" என்றான் பையன்.

இல்லை. காஷ்மீரின் குல்மார்க், உத்தரகாண்டின் ஆலி, இமாசலத்தின் சோலாங் எல்லாம் பனிச்சறுக்குக்குப் பேர்போன இடங்கள். குல்மார்க்கில் ராணுவத்துக்காக 1948-லேயே ஸ்கீ பள்ளி தொடங்கியவர் தளபதி திம்மய்யா. அவர் நம் பக்கத்து மாநிலத்துக் குடகுக்காரர்! அதே குடகைச் சேர்ந்த பவானி என்ற வீராங்கனை, நெடுந்தூர ஸ்கீ ஓட்டத்தில் இந்தியாவுக்காக உலகப் போட்டி வரை போயிருக்கிறார். மணாலிப் பக்கத்து ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியில் நடந்த போட்டியில் வெண்கலம் வாங்கினார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவில் இருந்து போன ஒரே வீரர் காஷ்மீரின் ஆரிஃப் கான். 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் ஸ்கீ, ஸ்னோபோர்டு இரண்டும் உண்டு. பாவம், 2025-ல் குல்மார்க்கில் போதுமான பனி விழாததால் அந்தப் போட்டியையே பிப்ரவரியில் இருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது. பனிமலைக்கே பனி வராத காலம்!

சுவிட்சர்லாந்தில் வாழும் ஈழத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூட விஷயம். அங்கே பல பள்ளிகளில் குளிர்காலத்தில் ஒரு வாரம் மலைக்குக் கூட்டிப்போய் ஸ்கீ முகாம் நடத்துவார்கள். நாம் எக்ஸ்கர்ஷன் போகிற மாதிரி.

<b>நீங்க எந்தக் கால்?</b>

ஸ்னோபோர்டு கற்கும் முன் கேட்கிற முதல் கேள்வி, எந்தக் கால் முன்னால் என்பது. இடது கால் முன்னால் வந்தால் 'ரெகுலர்'. வலது கால் முன்னால் வந்தால் 'கூஃபி'. இரண்டும் சரிதான், இடக்கை வலக்கை மாதிரி. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கால்களைச் சேர்த்து நேராக நில்லுங்கள். பின்னால் இருந்து ஒருவர், சொல்லாமல், லேசாகத் தள்ள வேண்டும். விழாமல் இருக்க எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறீர்களோ, அது பெரும்பாலும் உங்கள் முன்கால். (லேசாக என்றால் லேசாகத்தான்! மாடியில், படிக்கட்டில், கிணற்றடியில் செய்யக் கூடாது.)

நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் உள்ளே ஓடினான். அடுப்படியில் நின்றிருந்த ஆயாவைப் பின்னால் இருந்து மெல்ல ஒரு தள்ளு! "அடேய்!" என்று ஆயா வைத்தது வலது கால்.

"ஆயா கூஃபி!" என்று கத்திக்கொண்டு அவன் ஓட, கரண்டியோடு ஆயா துரத்த, ஒரே ரகளை. நொண்டிக்கொண்டே ஓடினாலும் குனிந்து வளைந்து தப்பித்துவிட்டான். கோ-கோ ஆச்சே!

சாயங்காலம் கம்பை எடுத்துக்கொண்டு சிலம்ப வகுப்புக்குக் கிளம்பினான். வாசலில் நின்று, "ஆயா, பரம்புல எப்படி நிப்பீங்க, காட்டுங்க" என்றான். ஆயா சேலையைச் செருகிக்கொண்டு, காலை அகட்டி, பக்கவாட்டில் நின்று காட்டினார். வலது கால் முன்னால். அவனும் அப்படியே நின்று பார்த்தான்.

உங்கள் வீட்டில் யார் யார் ரெகுலர், யார் யார் கூஃபி? சோதித்துப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள் குட்டீஸ்!